கண்ணுக்குள் 60 மின்முனைகள்: ஆர்கஸ் 2 கருவி மதிப்பீடு

பார்வை இழந்தவரின் விழித்திரைமேல் பதித்து, கேமரா பிடிக்கும் படத்தை மின்துடிப்பாக்கி ஒளிப்புள்ளிகளாகக் காட்டும் கருவி ஆர்கஸ் 2. இன்று அது எந்த மருத்துவமனையிலும் விலைக்குக் கிடைக்காது. 2019இல் அதன் உற்பத்தி நின்றுபோனது. பிறகு எதற்கு மதிப்பீடு? கண்ணுக்குள் சிப் பொருத்திப் பார்வை வந்த செய்தி ஒன்று அவ்வப்போது வாட்ஸ்அப்பில் சுற்றும். "தாத்தாவுக்கு இதைக் கேட்டுப் பார்க்கலாமே" என்று வீட்டில் யாராவது சிங்கப்பூர் தேசியக் கண் நிலையத்தில் முன்பதிவு செய்யக் கிளம்புவார்கள். இப்போது வரும் புதுக் கருவிகளை ஆர்கஸ் 2 சாதித்ததோடும் சறுக்கியதோடும் ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். புதியதை எடைபோட, பழையதைப் பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பொறியியலுக்கு முழு மதிப்பெண். கிடைக்கும் பார்வைக்கு ஐந்தில் ஒன்றரை. விற்ற பிறகான சேவைக்குப் பூஜ்யம், அதற்குக் கீழே போட வழியில்லாததால்.

கருவியின் பின்னால் இருப்பவர் மார்க் ஹுமாயூன். பாகிஸ்தானில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். டியூக் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். வட கரோலைனாப் பல்கலைக்கழகத்தின் சாப்பல் ஹில் வளாகத்தில் உயிர்மருத்துவப் பொறியியலில் முனைவர் பட்டமும் வாங்கினார். நீரிழிவால் பாட்டியின் பார்வை போனதுதான் தம்மை இந்தப் பக்கம் திருப்பியது என்று சொல்லியிருக்கிறார். அவர் உருவாக்கிய கருவியோ நீரிழிவால் போன பார்வைக்கு உதவாது. ஏன் என்பது பின்னால் வரும்.

இரண்டு படிப்பும் ஒரே தலையில் இருந்ததன் பலன் கருவியில் தெரிகிறது. அறுவை மருத்துவர் மட்டுமாக இருந்திருந்தால் மின்சுற்று எவ்வளவு சூடாகும், உப்புத் திரவத்தில் எத்தனை வருடம் தாங்கும் என்பதை வேறு யாரிடமாவது விட்டிருப்பார். பொறியாளர் மட்டுமாக இருந்திருந்தால், மேசைமேல் அழகாக ஓடுகிற ஒன்றைக் கண்ணுக்குள் நுழைக்க வழி தெரியாமல் நின்றிருப்பார்.

தொடக்கம் 1990களில், ஜான்ஸ் ஹாப்கின்ஸின் வில்மர் கண் நிலையத்தில். விழித்திரை அறுவை மருத்துவர் யூஜின் டி ஹுவானும் ஹுமாயூனும் பார்வையற்ற தன்னார்வலர்களின் கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்து, விழித்திரைமேல் மெல்லிய மின்முனையைப் பிடித்துச் சிறு மின்துடிப்பு கொடுத்தார்கள். விழித்திருந்த நோயாளிகள் ஒளிப்புள்ளி தெரிவதாகச் சொன்னார்கள். துடிப்பு கொடுத்த இடத்துக்கு ஏற்பப் புள்ளியின் இடமும் மாறியது. 1996இல் இந்த முடிவுகள் வெளியாயின. அடுத்த கேள்வி இன்னும் அடிப்படையானது: இத்தனை வருடம் ஒளியே படாத விழித்திரையில் உயிரோடு மிச்சம் என்ன இருக்கிறது? ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை விழித்திரை நோய் கடுமையாக இருந்து இறந்தவர்களின் கண்களில் எண்ணிப் பார்த்தார்கள். விழித்திரையின் மையமான மாக்குலா பகுதியில் நடு அடுக்குச் செல்களில் ஏறக்குறைய 78 விழுக்காடும், மூளைக்குச் செய்தி அனுப்பும் கேங்லியன் செல்களில் ஏறக்குறைய 30 விழுக்காடும் மிஞ்சியிருந்தன. ஒளியை வாங்கும் செல்கள் போய்விட்டன. செய்தியைக் கடத்தும் கம்பி பாதிக்கு மேல் அறுந்தும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஆர்கஸின் மொத்தப் பந்தயமும் அந்த 30 விழுக்காட்டின்மேல்தான்.

ஆர்கஸைத் தயாரித்த செகண்ட் சைட் நிறுவனம் 1998இல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. ஹுமாயூன் 2001இல் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 2002இல் முதல் மனிதருக்குப் பொருத்திய ஆர்கஸ் 1இல் 16 மின்முனைகள். காது கேளாதோருக்கு வைக்கும் காக்ளியர் கருவியின் மின்னணுப் பெட்டியைக் கொஞ்சம் மாற்றி, காதுக்கு மேல் எலும்பில் பதித்து, தோலுக்கடியில் கேபிள் இழுத்துக் கண்ணுக்குக் கொண்டுவந்தார்கள். கேட்கவே அலுப்பாக இருக்கிறது அல்லவா? அறுவையும் அப்படித்தான் நீண்டது. ஆர்கஸ் 2இல் எல்லாம் கண்ணோடு முடிந்துவிட்டது. மின்முனைகள் 60 ஆயின. 2007இல் 30 பேரிடம் ஆய்வு தொடங்கியது. 2011இல் ஐரோப்பிய அனுமதி, 2013 பிப்ரவரியில் அமெரிக்க அனுமதி. 2016இல் வெள்ளை மாளிகையில் ஒபாமா கையால் ஹுமாயூனுக்குத் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம்.

அமெரிக்க அனுமதி என்பதை இங்கே கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். அது மனிதாபிமான விதிவிலக்கின் கீழ் வந்த அனுமதி. மிகச் சிலருக்கே வரும் நோய்களுக்கான வழி அது. கருவியின் ஆபத்து ஏற்கத்தக்கதா, பயன் இருக்க வாய்ப்புண்டா என்று மட்டும் பார்ப்பார்கள். பயன் உறுதியாக நிரூபிக்கப்பட்டாக வேண்டும் என்ற வழக்கமான விதி அதில் இல்லை. "அமெரிக்காவே அனுமதித்துவிட்டது" என்று யாராவது சொன்னால், எந்த வழியில் அனுமதித்தது என்று திருப்பிக் கேளுங்கள்.

பெட்டிக்குள் என்ன

வெளியே அணிவது: மூக்குப் பாலத்தில் சிறு கேமரா வைத்த கறுப்புக் கண்ணாடி, அதன் ஓரத்தில் ரேடியோ அலை அனுப்பும் சுருள், இடுப்பில் மாட்டும் படச் செயலி. கண்ணாடியிலிருந்து செயலிக்கு ஒரு கேபிள் தொங்கும். மின்கலம் செயலியில்தான், கண்ணுக்குள் மின்கலம் கிடையாது. மின்சாரமும் படத் தகவலும் ஒரே சுருள் வழியாகக் கம்பியில்லாமல் உள்ளே போகின்றன. கண்ணாடி கொஞ்சம் நழுவினாலே இணைப்பு அறுந்துவிடும். கழற்றினால் எல்லாம் இருட்டு.

உள்ளே பொருத்துவது: விழிக்கோளத்தின் வெளிப்பக்கம், வெள்ளைப் பகுதிமேல் ஒரு வாங்கிச் சுருளும் மூடிய மின்னணுப் பெட்டியும். அங்கிருந்து ஒரு தட்டைக் கேபிள் கண்ணுக்குள் நுழைந்து விழித்திரையின் மேற்பரப்பில் முடிகிறது. அதன் நுனியில் மின்முனைத் தட்டு, 6 வரிசை, வரிசைக்கு 10. ஒவ்வொரு மின்முனையும் 200 மைக்ரோமீட்டர் குறுக்களவு. ஒன்றின் மையத்திலிருந்து அடுத்ததன் மையத்துக்கு 575 மைக்ரோமீட்டர். மூலைக்கு மூலை பார்வைப் பரப்பு சுமார் 20 டிகிரி. கையை நேராக நீட்டிச் சாண் விரித்தால் மறைகிற அளவு.

துடிப்புகளை அனுப்பும் முறையில்தான் பொறியாளரின் கை தெரிகிறது. ஒரே திசையில் மின்னோட்டம் கொடுத்தால் மின்முனையைச் சுற்றி வேதிவினை நடக்கும்; உலோகம் அரிக்கும், திசு சாகும். ஆகவே ஒவ்வொரு துடிப்புக்கும் உடனே அதே அளவு எதிர்த்துடிப்பு, மொத்த மின்னூட்டம் பூஜ்யம். மின்முனையின் பரப்புக்கு ஏற்ப ஒரு துடிப்பில் செலுத்தக்கூடிய மின்னூட்டத்துக்கு உச்சவரம்பும் உண்டு. இந்த உச்சவரம்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வரும்.

அறுவை

சிங்கப்பூரில் கண்ணுக்குள் நிறைந்திருக்கும் விட்ரியஸ் கூழை அகற்றும் அறுவை செய்துகொண்டவர்கள் பலர் உண்டு. முதற்பாதி அவர்களுக்குப் பழக்கமானதாகவே இருக்கும். விழிவெண்மேல் உள்ள மெல்லிய படலத்தைச் சுற்றிலும் பிரிப்பார்கள். கண்ணை அசைக்கும் நான்கு நேர்தசைகளின் அடியில் கருவியைப் பிடித்துவைக்கும் பட்டையை நுழைத்து, சுருளையும் பெட்டியையும் அதனதன் இடத்தில் தைப்பார்கள். லென்ஸ் இன்னும் உள்ளே இருந்தால் அதை எடுத்துவிடுவார்கள். விட்ரியஸ் கூழை முழுக்க அகற்றி, விழித்திரைமேல் சவ்வு படிந்திருந்தால் உரிப்பார்கள். பிறகு சுமார் 5 மில்லிமீட்டர் கீறி மின்முனைத் தட்டை உள்ளே விட்டு, மாக்குலாவின் மேல் வைத்து, ஒரே ஒரு டைட்டானிய ஆணியால் விழித்திரையோடும் அதன் பின்னுள்ள படலங்களோடும் சேர்த்து அறைவார்கள். ஆம், ஆணிதான். கடைசியில் வெளிப்பெட்டியின் மேல் ஒட்டுத் திசு வைத்து மூடுவார்கள். அது இல்லாவிட்டால் பெட்டியின் விளிம்பு மேற்படலத்தைத் தேய்த்துத் தேய்த்து வெளியே வந்துவிடும். மொத்தம் சில மணி நேரம். ஒரு கண்ணுக்கு மட்டும், அதுவும் மோசமான கண்ணுக்கு.

புண் ஆறிய பிறகு ஒவ்வொரு மின்முனையாகச் சோதிப்பார்கள்: எவ்வளவு மின்னோட்டத்தில் முதன்முதலாக ஏதோ தெரிகிறது? தட்டு விழித்திரையோடு ஒட்டியிருக்கும் இடத்தில் குறைந்த மின்னோட்டமே போதும். ஒரு மூலை மயிரிழை தூக்கியிருந்தால் அங்கே தேவை ஏறும். ஏறி ஏறி அந்த உச்சவரம்பைத் தொட்டால் அந்த மின்முனையை அணைத்துவிட வேண்டியதுதான். 60 என்று விளம்பரத்தில் வருவது தொழிற்சாலையிலிருந்து வந்த கணக்கு. கண்ணுக்குள் எத்தனை வேலை செய்கின்றன என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

என்ன தெரியும்

ஆறுக்குப் பத்து புள்ளி வைத்த கோலத்தைத்தான் மின்முனைத் தட்டு நினைவூட்டும். பார்ப்பவருக்கு மட்டும் புள்ளிகள் அப்படி ஒழுங்காக விழுவதில்லை. தட்டு விழித்திரையின் மேற்பரப்பில் உட்கார்ந்திருக்கிறது; தொலைவிலுள்ள கேங்லியன் செல்களின் நரம்பு நார்கள் எல்லாம் அதே மேற்பரப்பு வழியாகத்தான் பார்வை நரம்புக்கு ஓடுகின்றன. மின்முனை தன் அடியிலுள்ள செல்லோடு, வழியில் போகும் நார்களையும் சேர்த்துத் தூண்டிவிடுகிறது. விளைவு: புள்ளிக்குப் பதில் கோடு, வால், வளைவு. இரண்டு மின்முனைகள் ஒரே நாரைத் தூண்டினால் இரண்டு தனிப் புள்ளிகள் ஒன்றாகக் குழம்பும். மின்முனைகளை 60லிருந்து 600 ஆக்கினாலும் இந்தக் குழப்பம் தானாகத் தீராது. எண்ணிக்கையை மட்டும் வைத்துக் கருவிகளை ஒப்பிடும் விளம்பரங்களில் இந்த விஷயம் வருவதே இல்லை.

நிறம் கிடையாது. ஒரே இடத்தைத் தூண்டிக்கொண்டே இருந்தால் தெரிவது சீக்கிரம் மங்கும். கேமரா கண்ணாடியில் இருப்பதால் கண்ணை உருட்டிப் பயனில்லை. உருட்டினால், மூளை அந்த ஒளி வேறு இடத்தில் இருப்பதாக நினைத்துக் கையை அங்கே நீட்டும். கண்ணை நேராக வைத்துத் தலையை மட்டும் இடமும் வலமும் மெதுவாக ஆட்டிப் பார்க்கப் பழக வேண்டும். பயிற்சி மாதக்கணக்கில் நீளும். செயலியில் உள்ள பொத்தான்களால் ஓரங்களை மட்டும் தூக்கிக் காட்டவும் கறுப்பு வெள்ளையைத் தலைகீழாக்கவும் முடியும். உண்மையில் அதிகம் பயன்படுவது இவைதான்.

எண்களைப் பார்ப்போம். 30 பேர் ஆய்வின் 2012 முடிவுகளில், திரையில் தோன்றும் வெள்ளைச் சதுரம் எங்கே என்று தொட்டுக் காட்டுவதில் 96 விழுக்காட்டினர் கருவியை இயக்கியபோது மேம்பட்டார்கள். கோடு எந்தத் திசையில் நகர்கிறது என்று சொல்வதில் 57 விழுக்காடு. பட்டைக் கோடுகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று சொல்வதில் 23 விழுக்காடு. வேலை நுணுக்கமாக ஆக ஆக எண் சரிகிறது. கிடைத்த மிகச் சிறந்த கூர்மை 20/1260. நம் ஊர் மருத்துவமனைக் கணக்கில் சொன்னால் 6/378: நல்ல பார்வையுள்ளவர் 378 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதை இவர் 6 மீட்டரில் நின்று பார்க்க வேண்டும். அதுவும் மிகச் சிறந்தவருக்கு. அமெரிக்காவில் சட்டப்படி பார்வையற்றவர் என்ற எல்லையே 20/200தான்.

இதைச் சிங்கப்பூர் வாழ்க்கையில் போட்டுப் பார்த்தால் எதற்கு உதவும் என்பது விளங்கும். வீவக அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் வெளிச்சத்தை முதுகில் வைத்து நிற்கும் தூண்களை இது காட்டும். மின்தூக்கிக் கதவு திறந்து உள்விளக்குத் தெரிந்தால் காட்டும். வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்பது தெரியும். மருமகளா, தபால்காரரா என்பது தெரியாது. வாழையிலையில் வெள்ளைச் சோறு எந்தப் பக்கம் என்று தெரியலாம். வெள்ளைத் தட்டில் இட்லி வைத்தால் தட்டு மட்டும்தான். நடைபாதை விளிம்பு, ஓடும் சைக்கிள், தேக்கா சந்தையின் நெரிசல் இவற்றுக்கெல்லாம் கைத்தடியும் காதும்தான் நம்பகம். தீபாவளி ஒளியூட்டலின்போது சிராங்கூன் சாலையில் இதை அணிந்து நடந்தால் பளிச் பளிச்சென்று மின்னல்தான் மிஞ்சும். எல்லாப் பக்கமும் வெளிச்சமாக இருந்தால் வேறுபாடு எங்கே?

இதைச் சொற்பம் என்று தள்ளுவதும் சரியில்லை. முழு இருட்டில் வருடக்கணக்கில் இருந்தவருக்குச் சன்னல் எந்தப் பக்கம் என்று தானாகத் தெரிவதன் மதிப்பை அட்டவணையில் எழுத முடியாது. ஆனால் அந்த மதிப்புக்கு அமெரிக்காவில் கருவியின் விலை மட்டும் சுமார் 150,000 அமெரிக்க டாலர். அறுவைக்கும் பயிற்சிக்கும் தனி.

எங்கே கெடுகிறது

அந்த 30 பேரில் 19 பேருக்குக் கடுமையான பாதிப்பு எதுவும் வரவில்லை. மீதி 11 பேருக்குள் மொத்தம் 23 கடுமையான பாதிப்புகள்: மேற்படலம் தேய்ந்து பெட்டி வெளித்தெரிதல், தையல் பிரிதல், விழித்திரை விலகுதல், அழற்சி, கண்ணழுத்தம் அளவுக்கு மீறிக் குறைதல். எல்லாவற்றிலும் கவலைக்குரியது முதலாவது. படலம் ஓட்டையானால் வெளியிலுள்ள கிருமிக்குக் கேபிள் வழியே கண்ணுக்குள் நேர்பாதை. ஐந்து வருடம் கழித்து 30இல் 24 கருவிகள் கண்ணுக்குள் இருந்தபடி வேலை செய்தன. உப்புத் திரவத்தில் மூழ்கிக் கிடக்கும் மின்னணுப் பொருளுக்கு இது உண்மையிலேயே பெரிய சாதனை. முழு மதிப்பெண் போட்டது இதற்காகத்தான்.

கெட்டது கருவிக்கு வெளியே. உலகம் முழுக்க 350 பேர் அளவுக்குத்தான் பொருத்திக்கொண்டார்கள். அந்த எண்ணிக்கையில் எந்த நிறுவனமும் பிழைக்காது. 2019இல் செகண்ட் சைட் ஆர்கஸ் 2ஐ நிறுத்தி, மூளையில் நேரடியாகப் பொருத்தும் ஓரியன் கருவிப் பக்கம் திரும்பியது. 2020 மார்ச்சில் பெரும்பாலான ஊழியர்களை அனுப்பிவிட்டது. செயலி பழுதானால் மாற்று இல்லை; கண்ணாடி உடைந்தால் பழைய பயனரிடம் கேட்டு வாங்க வேண்டிய நிலை. 2022 பிப்ரவரியில் ஐ.இ.இ.இ. ஸ்பெக்ட்ரம் என்ற பொறியியல் இதழ் இந்த நிலைமையை விரிவாக வெளிக்கொண்டுவந்தது. அதே வருடம் நிறுவனம் வேறொன்றோடு இணைந்து விவானி மெடிக்கல் ஆனது.

எம்ஆர்ஐ இன்னொரு சிக்கல். குறிப்பிட்ட நிபந்தனைகளோடு எடுக்கலாம் என்றுதான் ஆர்கஸ் 2க்கு அனுமதி இருந்தது. கண்ணைச் சுற்றிய படம் மட்டும் கலங்கும். ஆனால் ஸ்கேன் அறையில் இருப்பவருக்கு அந்த நிபந்தனைகளை உறுதிசெய்ய ஒரு தொலைபேசி எண் வேண்டும். எடுப்பார் இல்லாத எண்ணை வைத்துக்கொண்டு எந்தக் கதிரியல் நிபுணரும் துணிய மாட்டார். பார்வைக்காக வைத்த கருவி, பக்கவாதம் வந்த நாளில் மூளை ஸ்கேனுக்குத் தடையாகிவிடும். இதேபோன்ற விழித்திரைக் கருவி செய்த ஜெர்மனியின் ரெட்டினா இம்பிளான்ட் நிறுவனமும் 2019இலேயே கடையைக் கட்டியது. அதன் ஆல்ஃபா கருவியில் 1,500க்கு மேல் ஒளி உணரிகள். ஆர்கஸைவிடக் கூர்மை அதிகம். அதுவும் காப்பாற்றவில்லை.

யாருக்கு, யாருக்கு இல்லை

பாட்டியின் நீரிழிவுக்குத் திரும்புவோம். நீரிழிவு விழித்திரை நோயில் இரத்தக் குழாய் கசிந்து, அடைபட்டு, எல்லா அடுக்குகளும் சேர்ந்து சேதமாகின்றன. கருவி தூண்ட வேண்டிய செல்களே இரத்தம் இல்லாமல் சாகின்றன. சிங்கப்பூர் இந்தியர்களிடையே நீரிழிவு எவ்வளவு சகஜம் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த நோயாளிக்கு வேண்டியது பலதுறை மருந்தகத்தில் வருடாந்தரக் கண்படமும், தேவையானால் லேசரும் ஊசியும். கண்ணழுத்த நோயான கிளௌகோமாவில் சாவது அதே கேங்லியன் செல்கள். விழித்திரையில் எந்தச் சிப்பை வைத்தாலும் செய்தி போகக் கம்பி இல்லை. ஆகவே விழித்திரைக் கருவிக்கும் கிளௌகோமாவுக்கும் தொடர்பே கிடையாது. மூளையில் வைக்கும் கருவிகள்தான் அந்த வழியைத் தாண்டிப் போகின்றன. ஓரியனை இதுவரை சோதித்தது ஆறு பேரிடம்.

ஆர்கஸ் 2 ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாவுக்கு மட்டும். இருட்டினால் தடுமாறும் மாலைக்கண்ணாகத் தொடங்கி, பக்கப்பார்வை சுருங்கி, கடைசியில் நடுவும் போகும் பரம்பரை நோய். வெளிச்சம் தெரிகிறதா என்ற அளவுக்கோ அதற்கும் கீழோ போனவர்கள், 25 வயதுக்கு மேல், முன்பு உருவங்களைப் பார்த்துப் பழகியவர்கள்: இதுதான் அமெரிக்க விதி. பிறவியிலேயே பார்க்காதவருக்கு இல்லை, மூளை அந்தப் பாடத்தைப் படித்திருக்க வேண்டும். ஓரளவு பார்வை மிஞ்சியவருக்கும் இல்லை; இருப்பதையும் அறுவையில் இழக்க நேரும். வீட்டில் இந்த நோய் இருந்தால் கருவியைத் தேடுமுன் மரபணுச் சோதனை செய்வது உருப்படியான வேலை. ஆர்பிஇ65 என்ற மரபணுவில் பிழை இருப்பவர்களுக்கு மட்டும் லக்ஸ்டர்னா என்ற மரபணு மருந்து 2017 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விலை இரண்டு கண்ணுக்கும் 850,000 அமெரிக்க டாலர் என்பது வேறு கதை.

இப்போது சுற்றும் செய்தி: பிரிமா

2025 அக்டோபரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஆய்வு முடிவு வெளியானதிலிருந்து வாட்ஸ்அப்பில் ஓடுவது பெரும்பாலும் பிரிமா என்ற விழித்திரைச் சிப்தான். ஸ்டான்ஃபோர்டின் டேனியல் பலாங்கர் வடிவமைத்தது. பிரான்ஸின் பிக்சியம் விஷன் அதை வளர்த்தது. அதுவும் பண நெருக்கடியில் விழ, 2024இல் அமெரிக்காவின் சயன்ஸ் கார்ப்பரேஷன் வாங்கியது. வாங்க ஆள் இருந்தது அதிர்ஷ்டம்.

2 மில்லிமீட்டர் சதுரம், 30 மைக்ரோமீட்டர் தடிமன், 378 படப்புள்ளிகள். விழித்திரையின் மேலே வைக்காமல், அதைத் தூக்கி அடியில் செருகுகிறார்கள். அங்கிருந்து நடு அடுக்குச் செல்களைத் தூண்டுவதால், வழியில் போகும் நார்களின் குழப்பம் குறைகிறது. கேபிளும் இல்லை, வெளிப்பெட்டியும் இல்லை. ஒவ்வொரு படப்புள்ளியும் ஒரு குட்டிச் சூரியமின்கலம். கண்ணாடியிலுள்ள சிறு புரொஜெக்டர் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் படத்தை உள்ளே வீச, அந்த ஒளியே மின்சாரமும் தகவலும் ஆகிறது. மேற்படலம் தேயும் பிரச்சினை வடிவமைப்பிலேயே ஒழிந்துவிட்டது. ஆர்கஸ் 2 சறுக்கிய இடம் அது.

38 பேருக்குப் பொருத்தி, ஒரு வருடம் முடித்த 32 பேரில் 26 பேருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம். எழுத்துப் படித்தார்கள். ஆனால் எப்படி என்று கேட்க வேண்டும். 100 மைக்ரோமீட்டர் படப்புள்ளி தரக்கூடிய இயல்பான கூர்மை 20/420 சுற்றுவட்டாரம்தான். அதற்கு மேல் போனது கேமராவின் பெரிதாக்கும் வசதியால். 12 மடங்கு வரை பெரிதாக்கி, எழுத்து எழுத்தாகப் படிக்கிறார்கள். தமிழ் எழுத்துகளின் சுழிகளும் கொம்புகளும் ஆங்கிலப் பெரிய எழுத்தைவிட நெருக்கமானவை, இன்னும் கூடுதல் பெருக்கம் வேண்டியிருக்கும் என்பது எங்கள் கணிப்பு. 19 பேருக்கு 26 கடுமையான பாதிப்புகளும் வந்தன. பெரும்பாலானவை முதல் இரண்டு மாதத்தில் வந்து தீர்ந்தவை.

சிங்கப்பூருக்கு முக்கியமான செய்தி வேறு. பிரிமா, வயதானால் வரும் மாக்குலாச் சிதைவின் உலர் வகையில், நடுப்பகுதி செத்துப்போன 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. ஆசியர்களிடம் அந்த வகை மேற்கத்தியர்களைவிடக் குறைவு. இங்கே அதிகம் காண்பது இரத்தக் குழாய் கசியும் ஈர வகையும், அதன் உறவான பாலிப் வகையும். அவற்றுக்கு ஊசியே மருத்துவம். மருத்துவர் எழுதிய தாளில் "மாக்குலா" என்ற சொல்லைப் பார்த்ததும் பிரிமா என்று துள்ள வேண்டாம். எந்த வகை என்று கேளுங்கள்.

ஹுமாயூன் இதற்கிடையில் மின்முனையை விட்டு செல்களுக்கும் போயிருக்கிறார். உலர் வகைக்காக, கருத் தண்டுச் செல்லிலிருந்து வளர்த்த நிறமிச் செல்களை மெல்லிய பாரிலீன் தாளில் பரப்பி விழித்திரைக்கு அடியில் வைக்கும் ஒட்டு. 2018இல் முதல் நோயாளிகளின் முடிவுகள் வந்தன. இதற்கும் "தண்டுச் செல் ஊசி" விளம்பரங்களுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் ஆளுக்கு 5,000 டாலர் வாங்கி, கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் செலுத்திய கிளினிக்கில் மூன்று பெண்களின் பார்வை பறிபோனது 2017இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. ஆய்வு என்ற பெயரில் பணம் கேட்பதும், இரண்டு கண்ணையும் சேர்த்துத் தொடுவதும் கண்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இங்கே என்ன செய்யலாம்

உடலில் பொருத்தும் கருவிகளைச் சிங்கப்பூரில் சுகாதார அறிவியல் ஆணையம் பதிவு செய்கிறது. பதிவாகாத கருவியை மருத்துவர் குறிப்பிட்ட நோயாளிக்காகச் சிறப்பு அனுமதி கேட்டுக் கொண்டுவர வழி உண்டு. நோயாளி தானே இணையத்தில் வாங்கி வர முடியாது. மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியும் மெடிசேவ் சேமிப்பும் அறுவையில் எந்தப் பகுதிக்குப் பொருந்தும் என்பதை மருத்துவமனை நிதி ஆலோசகரிடம் எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள். தனியார் காப்புறுதி இருந்தால், கருவியை வெளியே எடுக்கும் அறுவை அதில் அடங்குமா என்பதையும்.

எந்த நிறுவனத்தின் கருவியாக இருந்தாலும் கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை சில உண்டு. செயலியும் கண்ணாடியும் கெட்டால் மாற்று எத்தனை வருடத்துக்கு உறுதி? அளவமைக்கும் நிபுணர் சிங்கப்பூரிலேயே இருப்பாரா, இல்லை ஒவ்வொரு முறையும் ஐரோப்பாவுக்குப் பறக்க வேண்டுமா? நிறுவனம் மூடினால் மென்பொருளும் உதிரிப் பாகங்களும் யாரிடம் போகும்? கருவியை எடுக்க நேர்ந்தால் யார் செலவு? இதற்கெல்லாம் "அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால், அதுவும் ஒரு பதில்தான்.

காத்திருக்கும் காலத்துக்கு: படிக்கவும் பொருளை அடையாளம் காணவும்தான் தேவை என்றால், எழுத்தைப் படித்துச் சொல்லும் இலவசக் கைப்பேசிச் செயலிகள் ஆர்கஸ் 2 செய்ததைவிட அதிகம் செய்கின்றன. தோ பாயோவில் உள்ள பார்வைக் குறைபாடுள்ளோர் சங்கத்தில் தடி நடைப் பயிற்சியும் வீட்டு வேலைப் பயிற்சியும் உண்டு. லெங்கோக் பாருவில் உள்ள எனேபிளிங் வில்லேஜில் துணைக் கருவிகளைத் தொட்டுப் பார்க்கலாம். திரை வாசிப்பான், உருப்பெருக்கி போன்றவற்றுக்கு உதவித் தொழில்நுட்ப நிதியில் வருமானத்தைப் பொறுத்து 90 விழுக்காடு வரை மானியம், வாழ்நாள் உச்சவரம்பு 40,000 வெள்ளி. விண்ணப்பத்துக்கு முன் மதிப்பீட்டாளரின் பரிந்துரை வேண்டும். கருவியை வாங்கிவிட்டு ரசீதோடு போனால் சிக்கல்.

வெளிநாட்டில் ஏற்கெனவே ஏதாவது விழித்திரைக் கருவி பொருத்திக்கொண்ட உறவினர் இருந்தால், அதன் மாதிரிப் பெயர், வரிசை எண், எம்ஆர்ஐ நிபந்தனைத் தாள், அறுவைக் குறிப்பு நான்கின் நகலையும் இப்போதே எடுத்து வையுங்கள். ஒன்று பணப்பையில், ஒன்று குடும்ப மருத்துவரிடம்.